வேலூர்ப் பட்டறையில் செய்வித்த இரும்புக் கோழிக்கூண்டு: இரண்டு ஆண்டுகள் பயன்படுத்திய பின்

2023 ஆவணியில் வேலூரில் உள்ள ஒரு வெல்டிங் பட்டறையில் 9,200 ரூபாய் கொடுத்து இந்தக் கூண்டைச் செய்வித்தேன். அதைக் குட்டியானை எனப்படும் சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றி அணைக்கட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர் வரை கொண்டுவந்து இறக்க 700 ரூபாய் ஆனது. இரண்டு மழைக்காலமும் இரண்டு கத்திரி வெயிலும் பார்த்த பிறகுதான் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். வாங்கிய மறு வாரமே எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். மூன்று மாதம் கழித்து எழுதியிருந்தால் யாரும் அந்தப் பட்டறைப் பக்கமே போக வேண்டாம் என்று எழுதியிருப்பேன். இப்போது நடந்ததை நடந்தபடி சொல்ல முடிகிறது.

கூண்டு ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு ஊரை விட்டுச் சற்று விலகி, கொல்லையை ஒட்டி இருக்கிறது. பின்னால் மலையடிவாரம் வரை வேலிமுட்செடிதான். என் மாமியார் இந்த வீட்டுக்கு வாழ வந்த நாள் முதல் இங்கே நாட்டுக்கோழி இருக்கிறது. சுவரோடு சேர்த்து மண்ணால் கட்டிய குடாப்பு ஒன்று இருந்தது. அதில் பாதிக் கோழிகள் அடையும், மீதி புளியமரத்தில் ஏறிக்கொள்ளும். அந்த ஆண்டு ஆடி மாதத்தில் 20 நாட்களுக்குள் 14 கோழிகளில் 5 போய்விட்டன. மரத்தில் உறங்கியவற்றை மரநாய் பிடித்தது. காலையில் மரத்தடியில் இறகும் ஒரு காலும் கிடக்கும். குடாப்புக்குள் இருந்த குஞ்சுகளுக்கோ பெருச்சாளி எமனாகியது. மண்சுவரின் அடியைக் குடைந்து வந்துபோகிற பிராணியிடம் மேலே எவ்வளவு பெரிய கல்லை வைத்து வாயை மூடினாலும் பயனில்லை என்பதை அப்போதுதான் நேரில் கண்டேன்.

பட்டறையில் கிடைத்தது இதுதான்: 4 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரம் கொண்ட பெட்டி, அதன் கீழே ஒன்றரை அடி உயரக் கால்கள். சட்டம் முழுவதும் ஒரு அங்குலச் சதுரக் குழாய். நான்கு பக்கமும் ஒரு அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ் என்னும் கம்பி வலை. தரைக்கும் அதே மெஷ்தான். மேலே கலர் ஷீட் என்னும் தகரக் கூரை, முன்புறம் இரண்டடிக்கு ஒன்றரை அடிக் கதவு, உள்ளே குறுக்காக இரண்டு இரும்புக் குழாய்கள். சட்டத்தின் வெல்டிங் வேலை சுத்தமானது. இன்று வரை ஒரு மூட்டுகூட விட்டதில்லை. இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கி இடம் மாற்றலாம், ஆனால் ஒரு நாய் முட்டினால் அசையாது. இந்த எடை சரியான எடை.

கோழிகளைப் புது இடத்தில் அடைக்கப் பழக்குவது தனி வேலை. கூண்டு வந்து இறங்கியதும் என் மாமியார் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, மரத்துல தூங்கற கோழி இரும்புல வந்து தூங்குமா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. முதல் மூன்று நாட்கள் கோழிகளை வெளியே விடாமல் உள்ளேயே வைத்து, கம்பும் அரிசி நொய்யும் தண்ணீரும் அங்கேயே கொடுத்தோம். நான்காம் நாள் மாலை நான்கு மணிக்கு மேல் சற்று நேரம் திறந்துவிட்டு, இருட்டும் முன் உள்ளே தீனி தூவினோம். ஒரு வாரத்தில் பெட்டைகள் தாமாகவே ஏறத் தொடங்கின. ஒரு சேவல் மட்டும் பத்து நாட்களுக்கு மேல் புளியமரத்தை விடவில்லை. இரவில் அதைக் கையால் பிடித்து உள்ளே விட வேண்டியிருந்தது. கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது என்பதால், நன்றாக இருட்டிய பிறகு பிடித்தால் அடித்துக்கொள்ளாமல் அடங்கி வரும். தரையிலிருந்து கதவு வரை ஏற ஒரு சாய்பலகை வைத்ததும் பெரிதாக உதவியது. அந்தப் பலகை பட்டறையில் தருவதில்லை, நாமே செய்துகொள்ள வேண்டும்.

இனி குறைகள். முதல் குறை எங்களுக்கு ஒரு பெட்டைக்கோழியையும் எட்டு முட்டைகளையும் செலவு வைத்தது.

ஐப்பசியில் ஒரு பெட்டையைக் கூண்டுக்குள்ளேயே ஒரு மூலையில் கூடையில் 11 முட்டைகள் வைத்து அடை வைத்திருந்தோம். கோழி முட்டை பொரிய 21 நாட்கள். அன்று 18ஆம் நாள். விடியற்காலை ஐந்தரை மணிக்கு டார்ச்சோடு போனபோது மற்ற கோழிகள் எல்லாம் ஒரே பக்கமாக ஒடுங்கி, சத்தமே இல்லாமல் நின்றிருந்தன. அந்த அமைதியே எனக்குப் பயத்தைத் தந்தது. அடைக்கோழி கதவோரம் விறைத்துக் கிடந்தது. கதவின் கீழ்மூலையில் ஒரு நல்ல பாம்பு தலையையும் கழுத்தையும் வெளியே நீட்டியபடி அசையாமல் இருந்தது. நெருங்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது, அது வெளியேற முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தது. வந்த வழியிலேயே திரும்பப் பார்த்திருக்கிறது. விழுங்கிய முட்டைகள் வயிற்றில் வரிசையாகப் புடைத்திருந்ததால், உள்ளே வரும்போது போதுமாக இருந்த சந்து வெளியே போகப் போதவில்லை. தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னோம். அவர்கள் வந்து பதமாக எடுத்துக் கொண்டுபோய்க் காட்டுப் பக்கம் விட்டார்கள். கூடையில் மிஞ்சிய முட்டைகளைத் துணியில் சுற்றி, அடை கேட்டுக்கொண்டிருந்த இன்னொரு பெட்டையின் கீழ் வைத்தோம். மூன்று பொரித்தன.

அன்று வெயில் ஏறியதும் அந்தச் சந்தில் என் கட்டைவிரலை விட்டுப் பார்த்தேன், தாராளமாகப் போயிற்று. கதவுச் சட்டத்துக்கும் கூண்டுச் சட்டத்துக்கும் இடையே கீல் இருந்த பக்கம் மட்டும் ஒன்றேகால் அங்குலம் விட்டிருந்தார்கள். பட்டறையில் கேட்டபோது, கதவு வெயிலில் விரிந்து இறுகாமல் இருக்கத்தான் அப்படி விட்டோம் என்றார்கள். மேலே விட்டிருக்கலாம், பூட்டுப் பக்கம் விட்டிருக்கலாம். தரையோடு ஒட்டிய மூலையில் விடக் கூடாது. ஆளை அனுப்பி அந்த இடத்தில் ஒரு பட்டை வைத்து வெல்டிங் செய்து தந்தார்கள்; அதற்குக் காசு வாங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் கூண்டை ஒப்படைக்கும் முன் அவர்கள் பார்த்திருக்க வேண்டிய மூலை அது. வாங்கும் எவரும் கூண்டைச் சுற்றி ஒரு முறை விரலை விட்டுப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். விரல் போகும் இடத்தில் பாம்பும் எலியும் போகும்.

இதே காரணத்தால்தான் மெஷ்ஷின் கண் அளவும் முக்கியமாகிறது. கடைகளில் கோழிவலை என்று கேட்டால் அறுகோணக் கண் உள்ள மெல்லிய கம்பி வலையை எடுத்து நீட்டுவார்கள். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும் வலை. நாயோ காட்டுப்பூனையோ உள்ளே வராமல் தடுக்கும் வலை அல்ல. முறுக்கிச் செய்த மெல்லிய கம்பி என்பதால் நாய் பல்லால் இழுத்தே கிழித்துவிடும். வெல்ட் மெஷ்ஷில் ஒவ்வொரு சந்திப்பும் பற்றவைத்திருப்பதால் அந்தப் பயம் இல்லை. பட்டறைக்காரர் வெல்ட் மெஷ் போட்டது நல்லதுதான், ஆனால் ஒரு அங்குலக் கண் போட்டுவிட்டார். அதில் வீட்டெலி நுழையும், சின்னப் பாம்பு நுழையும், பொரித்து ஒரு வாரம் ஆகாத குஞ்சு தலையை விட்டு மாட்டிக்கொள்ளும். அரை அங்குலக் கண் மெஷ்ஷை வாங்கி, தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை நான்கு பக்கமும் உள்ளே சுற்றிக் கட்டுக்கம்பியால் நெருக்கமாகக் கட்டினேன். அதற்கு 1,100 ரூபாய் ஆனது. முதலிலேயே அரை அங்குலம் கேட்டிருந்தால் இதைவிடக் குறைவாகவே முடிந்திருக்கும்.

தாழ்ப்பாள் இரண்டாவது குறை. அவர்கள் வைத்தது குளியலறைக் கதவுக்கு வைக்கிற, பக்கவாட்டில் தள்ளும் சின்னத் தாழ்ப்பாள். நாய் கதவை முன்னும் பின்னும் ஆட்டினால் அது தானாகவே நகர்ந்து திறந்துகொள்கிறது. எங்கள் வீட்டு நாயே ஒரு மாலை முட்டி முட்டித் திறந்ததை என் கண்ணால் பார்த்தேன். தெரு நாய்க்கு எவ்வளவு நேரம் ஆகும்? கொண்டி வைத்து ஒரு சின்னப் பூட்டும் போட்டுவிட்டேன். கதவின் கீழ்ப்பக்கம் இன்னொரு தாழ்ப்பாளும் வைத்தேன். மேலே மட்டும் பூட்டினால் கீழ்மூலையை இழுத்து வளைத்துச் சந்து உண்டாக்க முடியும். பூட்டு, ஆட்களிடமிருந்தும் காப்பாற்றும். பொங்கல், திருவிழா நேரங்களில் நாட்டுச் சேவலுக்கு இருக்கும் கிராக்கி கிராமத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

தரை மெஷ்ஷைப் பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. எச்சம் கீழே விழுந்துவிடுவதால் கூண்டு நாறுவதில்லை. வாரம் ஒரு முறை கீழே கூட்டி அள்ளினால் போதும். மண் குடாப்பைக் குனிந்து குனிந்து சுரண்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பது தெரியும். அள்ளிய எச்சத்தைச் சருகோடு குழியில் போட்டு மூன்று நான்கு மாதம் மட்கவிட்டுத்தான் செடிக்கு வைக்கிறேன். பச்சையாக வைத்தால் வேர் கருகிவிடும். எங்கள் பக்கத்து இலவம்பாடி முள் கத்தரிக்கு இந்த எருவைப் போல் ஒத்துவருவது வேறில்லை. ஆனால் இராமுழுதும் கம்பி மேலேயே நிற்கும் கோழிக்குப் பாதம் புண்படும். கனமான ஒரு சேவலுக்கு உள்ளங்காலில் கொப்பளம் போல் தடித்து, நடுவில் கருத்த பொருக்கோடு வீங்கியது. நொண்ட ஆரம்பித்த பிறகுதான் கவனித்தேன். வெந்நீரில் உப்புப் போட்டுக் கழுவி, கால்நடை மருந்தகத்தில் காட்டி மருந்து போட்டு ஆற மூன்று வாரம் ஆனது. அதன் பிறகு தரையில் பாதியளவுக்குப் பலகை போட்டு, அதன் மேல் இரண்டு அங்குலத்துக்கு உமி பரப்பினேன். நம் பக்கம் நிலக்கடலைத் தோல் மலிவாகக் கிடைக்கிறது, அதையும் போடலாம். ஆனால் நனைந்த கடலைத் தோலில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும், அதைக் கிளறித் தின்னும் கோழிக்கு ஈரல் கெடும். மழைக்காலத்தில் உமியே மேல்.

உள்ளே இருந்த இரும்புக் குழாய்களை எடுத்துவிட்டேன். கோழிக்கு வழுக்காமல் பிடிக்கத் தோதான கட்டை வேண்டும். மார்கழிப் பனியில் இரும்பு சில்லிட்டுப் போகும். அதன் மேல் நிற்கும் கோழி பாதத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருக்கும், உறங்காது. இரண்டு அங்குலப் பருமனுள்ள சவுக்குக் கழிகளின் மேல்பக்கத்தைச் சற்றே செதுக்கி, இரண்டையும் ஒரே உயரத்தில் வைத்தேன். ஒன்று மேலும் ஒன்று கீழும் இருந்தால் எல்லாம் மேல் கழிக்கே சண்டை போடும். கீழே நிற்பவற்றின் முதுகில் எச்சமும் விழும். பக்க மெஷ்ஷிலிருந்து பத்து அங்குலமாவது உள்ளே தள்ளிக் கழி இருக்க வேண்டும். ஓரமாக இருந்தால் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மரநாயோ பூனையோ வெளியிலிருந்தே நகத்தை விட்டு இழுத்து, கோழியை உயிரோடு கிழிக்கும்.

எத்தனை கோழி அடைக்கலாம்? பட்டறையில் 20 தாங்கும் என்றார்கள். நான் பத்துக்கு மேல் அடைப்பதில்லை. 12 சதுர அடிக்குள் 20 கோழிகளைத் திணிக்க முடியும் என்பது உண்மைதான். சந்தைக்கு ஏற்றிப் போகும் கூடையிலும் திணிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் தினம் தினம் அப்படி அடைத்தால் ஒன்றையொன்று கொத்தும், மூச்சுக் காற்று கெடும், கோடை இரவில் நடுவில் நிற்கும் கோழி சுருண்டு விழும்.

கோடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது வேலூர். கல்மலைகள் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில் திருப்பிக் கக்கும் ஊரில், 40 டிகிரியைத் தாண்டும் சித்திரை வைகாசியில், கலர் ஷீட் கூரை எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2024 ஏப்ரலில் ஒரு நாள் மாலை ஆறு மணிக்குக் கூரையின் அடிப்பக்கத்தைத் தொட்டேன். கை வைக்க முடியவில்லை. உள்ளே ஏறிய கோழிகள் வாயைப் பிளந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு இரைத்தன. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாய் வழியாக மூச்சுவிட்டுத்தான் அது உடம்புச் சூட்டைத் தணிக்க வேண்டும். அப்படி வாய் பிளந்து நிற்பதைக் கண்டால் உடனே தண்ணீரும் நிழலும் காற்றும் தேவை என்று பொருள். ஷீட்டின் மேல் தென்னங்கீற்றை இரண்டு அடுக்காகப் பின்னிப் போட்டேன், அதன் மேல் கரும்புத் தோகை. கூண்டை வேப்பமரத்தடிக்கு மாற்றினேன். இந்த இரண்டையும் செய்த பிறகு அந்தக் கோடையிலும் அடுத்த கோடையிலும் வெயிலுக்கு ஒரு கோழியையும் கொடுக்கவில்லை. தண்ணீருக்கு மண்சட்டிதான் சிறந்தது. பிளாஸ்டிக் குவளையில் பதினோரு மணிக்கே தண்ணீர் சுடுகிறது, சுடுதண்ணீரைக் கோழி குடிக்காது. பட்டறைக்காரர்கள் மேலேயும் மெஷ் போட்டு, ஷீட்டை அதற்கு மேல் நான்கு அங்குலம் காற்றோட்டம் விட்டு உயர்த்தி வைத்தால் சூடு குறையும்.

மழையில் கூண்டு நன்றாகவே தாங்கியது. கால்கள் ஒன்றரை அடி உயரம் இருப்பதால் தண்ணீர் தேங்கினாலும் கோழி நனைவதில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோதுதான் சாரல் பக்கவாட்டில் அடித்து எல்லாவற்றையும் நனைத்தது. இரவோடு இரவாகத் தார்ப்பாயை மூன்று பக்கம் கட்டினோம். நாலாவது பக்கத்தைத் திறந்தே வைத்தோம். முழுவதும் மூடினால் எச்சத்தின் அமோனியா வாடை உள்ளேயே நின்று கோழிக்குக் கண் எரியும், சளி பிடிக்கும். இப்போது தார்ப்பாயை மேலே சுருட்டிக் கட்டியே வைத்திருக்கிறேன், மழை வந்தால் அவிழ்த்துவிட்டால் போதும். துரு பிடிப்பது உண்டு. மெஷ்ஷுக்குத் துத்தநாகப் பூச்சு இருந்தாலும் வெல்டிங் வைத்த இடங்களில் அது எரிந்துபோகிறது. முதல் மழை முடிந்ததும் அங்கேதான் செம்புள்ளிகள் கிளம்பின. ஆண்டுக்கு ஒரு முறை சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்து, மூன்று நாள் காய்ந்த பிறகே கோழிகளை உள்ளே விடுகிறேன்.

கால்கள் இருப்பதில் இன்னொரு நன்மை உண்டு. நான்கு கால்களுக்கும் கீழே கொட்டாங்குச்சி வைத்து, பழைய என்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டேன். முட்டை பொரிக்கும் நேரத்தில் ஓடு விரிசல் விட்டதுமே எறும்பு வந்து மொய்த்துக் குஞ்சைக் கடித்துக் கொல்வது மண் குடாப்பில் ஆண்டுதோறும் நடந்த ஒன்று. இந்தக் கூண்டில் ஒரு முறைகூட நடக்கவில்லை. அதேபோல் உண்ணிகளும் வெகுவாகக் குறைந்தன. அவை பகலில் மூங்கில் பிளவிலும் மண்சுவர் வெடிப்பிலும் ஒளிந்திருந்து இரவில் வந்து இரத்தம் குடிப்பவை. இரும்பில் ஒளிய இடம் குறைவு. ஆனால் சதுரக் குழாய்களின் திறந்த வாய்களை அடைக்காமல் விட்டால் அவையே ஒளிவிடமாகிவிடும். ஒரு குழாயில் குளவியும் கூடு கட்டியது. பிளாஸ்டிக் மூடி போட்டு அடைத்தேன். கூண்டுக்குப் பக்கத்திலேயே சாம்பலும் மண்ணும் கலந்து ஒரு குழியில் போட்டிருக்கிறேன். கோழிகள் மத்தியானத்தில் அதில் புரண்டு எழுந்து தம்மைத் தாமே சுத்தம் செய்துகொள்கின்றன.

இந்தக் கூண்டு இரவுக்கு மட்டும்தான் காவல். பகலில் மேயப் போகும் கோழியைக் கீரியும், குஞ்சைப் பருந்தும் வல்லூறும் காக்கையும் பிடிப்பதை இது தடுக்காது. குஞ்சு பொரித்த முதல் ஆறு வாரத்துக்கு என் மாமியாரின் மூங்கில் பஞ்சாரம்தான் இன்றும் எங்களுக்குக் கைகொடுக்கிறது. தாயையும் குஞ்சுகளையும் அதில் கவிழ்த்து மூடி, மேலே ஒரு கல்லை வைத்து, நிழல் நகர நகர அதையும் நகர்த்துவார். வெளியே விடும் நேரத்திலும் மரத்தடியிலும் செடிப்புதரின் ஓரத்திலும்தான் விடுவார். மேலிருந்து பார்க்கும் பறவைக்குத் திறந்த வெளியில் ஓடும் குஞ்சு எவ்வளவு எளிது என்பதை அவர் எனக்குச் சொல்லித் தரும் முன்பே நான் நான்கு குஞ்சுகளை இழந்திருந்தேன்.

பட்டறையில் ஒருவர் சொன்ன ஒரு வாக்கியம் எனக்கு இன்னும் உறுத்துகிறது: "கூண்டுல அடைச்சா கோழிக்குச் சீக்கே வராதுக்கா." இதை நம்பி யாரும் தடுப்பூசியை விட்டுவிடக் கூடாது. மரநாய் ஒரு இரவில் ஒரு கோழியைக் கொண்டுபோகும். வெள்ளைக் கழிச்சல் ஒரு வாரத்தில் ஊரையே காலி செய்யும். ஒரே கூண்டில் நெருங்கி உறங்கும் கோழிகளுக்கு அது இன்னும் வேகமாகப் பரவும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, தலை தொங்கி, சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொண்டு சாகும் அந்த நோய்க்கு மருந்து இல்லை, வரும் முன் தடுப்பது ஒன்றுதான் வழி. இதே நோய்க்கு இராணிக்கெட் என்றும் பெயர் உண்டு; அந்தப் பெயர் இமயமலைப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயரால் வந்தது. பெயர் ஒலி ஒன்றுபோல் இருப்பதால் எங்கள் பக்கத்து ராணிப்பேட்டையோடு சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். ராணிப்பேட்டைக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவு நல்ல உறவு: 1932 முதல் அங்கே இயங்கும் அரசுக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிறுவனத்தில் தமிழ்நாட்டுக் கோழிகளுக்கான தடுப்பு மருந்துகள் தயாராகின்றன. நம் வட்டாரத்தில் செய்த மருந்தையே நம் வீட்டுக் கோழிக்குப் போடாமல் விடுவது எனக்கு மனவருத்தம் தரும் விஷயம்.

குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காவது வாரத்தில் மறுபடி சொட்டு மருந்து, எட்டு வாரம் ஆனதும் இறக்கையின் அடியில் அரை மில்லி ஊசி என்பது நாங்கள் பின்பற்றும் முறை. ஊசிக்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு மருந்து கொடுத்துவிட வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் கழிச்சல் நோய்த் தடுப்பூசி முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். மருந்தகத்திலிருந்து வாங்கி வருவதானால் பிளாஸ்கில் ஐஸ் போட்டு எடுத்து வர வேண்டும், கலக்கிய பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். கூண்டு இதில் ஓர் உதவி செய்கிறது, அதை மறைக்கக் கூடாது. முன்பு ஊசிக்காக ஒவ்வொரு கோழியையும் கொல்லை முழுதும் துரத்த வேண்டியிருந்தது, இரண்டு மூன்று எப்போதும் தப்பிவிடும். இப்போது காலையில் கதவைத் திறக்காமலே வைத்திருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறேன். பத்துக்கும் பத்து நிமிடம்தான். பொய்கைச் சந்தையிலிருந்தோ வேறெங்கிருந்தோ வாங்கி வரும் புதுக்கோழியை இதே கூண்டில் உடனே விடாமல் இரண்டு மூன்று வாரம் தனியே பஞ்சாரத்தில் வைத்துப் பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொண்டோம்.

கணக்கு இதுதான். கூண்டுக்கும் வண்டிக்கும் 9,900 ரூபாய். அரை அங்குல மெஷ், கொண்டி, பூட்டு, இரண்டாவது தாழ்ப்பாள், பலகை, கழி, பெயிண்ட் எல்லாம் சேர்ந்து மேற்கொண்டு 2,650 ரூபாய். ஒரு நாட்டுச் சேவலை 700 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்கிறேன். 2023 ஆடி மாதம் போல மாதம் நான்கைந்து கோழி போயிருந்தால் கூண்டின் முழு விலையும் நான்கைந்து மாதத்தில் போயிருக்கும். கதவு மூலையில் இருந்த அந்த இடைவெளியை அடைத்த நாளிலிருந்து இரவில் ஒரு கோழியும் போகவில்லை. நான்கைந்து கோழி மட்டும் வைத்திருப்பவர்களுக்கும், ஊர் நடுவே நெருக்கமான தெருவில் இருப்பவர்களுக்கும் இவ்வளவு செலவு தேவையில்லை. தரையில் சிமெண்ட் போட்டு, செங்கல் குடாப்பு கட்டி, நல்ல கதவு வைத்தால் போதும். காட்டோரம், மலையோரம், கொல்லையில் வீடு இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

அதே பட்டறையிலேயே இரண்டாவது கூண்டுக்கும் சொன்னேன். குறை சொன்னால் முகம் சுளிக்காமல் வந்து சரிசெய்து தரும் ஆட்கள் எளிதில் கிடைப்பதில்லை. இந்த முறை ஒவ்வொன்றையும் வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுத்தேன்: தரையிலிருந்து இரண்டடி வரை அரை அங்குலக் கண், மேலேயும் மெஷ், அதற்கும் கூரைக்கும் இடையே நான்கு அங்குலம், இரும்புக் குழாய்க்குப் பதில் கழி சொருகக் கொக்கிகள், தரையில் பாதி பலகை, கதவுக்கு மேலும் கீழும் கொண்டி, குழாய் வாய்களுக்கு மூடி. 10,800 ரூபாய் சொன்னார்கள், கொடுத்தேன். எடுக்கப் போன நாளன்று, நான் கேட்கும் முன்பே பட்டறைக்காரர் குனிந்து உட்கார்ந்து கதவின் கீழ்மூலையில் தம் சுண்டுவிரலை வைத்து அழுத்திக் காட்டினார். "பாருங்கக்கா, போகல." நானும் குனிந்து என் விரலை வைத்துப் பார்த்தேன். போகவில்லை.